கம்பி வழியே வரும் விண்டோஸ்

கணினிக்கூடத்தில் 40 கணினிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் யுஎஸ்பி செருகி விண்டோஸ் பதித்தால் ஆசிரியரின் விடுமுறை அதிலேயே கரைந்துவிடும். 'பிஎக்ஸ்இ' முறையில் கணினியை முடுக்கியதும் அதன் நெட்வொர்க் கார்டு தனக்கொரு முகவரி கேட்கும். சர்வர் முதலில் ஒரு சிறிய நிரலை அனுப்பும். பின்னாலேயே விண்டோஸ் நிறுவி வரும். மொழி, நேர வட்டாரம் போன்ற கேள்விகளுக்கு விடைகள் ஒரு கோப்பில் முன்பே எழுதப்பட்டிருக்கும்.

சிக்கல் டிரைவரில்தான். உள்ளிருக்கும் ஒவ்வொரு கார்டும் தன் தயாரிப்பாளர் எண்ணையும் மாதிரி எண்ணையும் சொல்லும். இன்டெலின் எண் 8086. 1978இல் வந்த அதன் புகழ்பெற்ற சில்லின் பெயரேதான்! எண்ணுக்குப் பொருந்தும் டிரைவர் சர்வரிலிருந்து வரும். ஆனால் நெட்வொர்க் கார்டின் டிரைவரையே நெட்வொர்க் வழியாக எப்படிப் பெறுவது? தொடக்கத்தில் கார்டிலேயே பொதிந்துள்ள நிரல் கைகொடுக்கும். நிறுவி பொறுப்பேற்றதும் அது விலகிவிடும். ஆகவே அந்த டிரைவரை மட்டும் நிறுவிக்குள் முன்கூட்டியே சேர்த்துவிட வேண்டும். விட்டுப்போனால், 40 திரைகளும் பாதி வழியில் நின்றுவிடும்.