மலிவான கைக்கருவி கட்டுபடியாகுமா?

பழைய மகாபலிபுரம் சாலையில், வண்டலூரிலிருந்து வரும் பாதையும் கோவளத்திற்குச் செல்லும் பாதையும் வந்து கூடுமிடம் கேளம்பாக்கம். ஒருபுறம் உப்பளங்களும் உப்பங்கழியும். மறுபுறம் நாளுக்கு நாள் பெருகிவரும் வாகனப் போக்குவரத்து. எனவே இங்கே மெக்கானிக்குகளுக்கு வேலைக்குக் குறைவில்லை. தறியையும் நிலத்தையும் நம்பி வாழும் நம் அங்கத்தினர் குடும்பங்களிலிருந்தும் இளைஞர் பலர் இத்தொழிலுக்குச் செல்கின்றனர். தொழில் பழகி, தனியே பட்டறை வைக்கத் துணியும் இளைஞன் முன்னே முதலில் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: கருவிகளை எந்த விலையில் வாங்குவது? கையிலுள்ள முதல் சொற்பம். கடையிலோ ஒரே அளவுள்ள ஸ்பானர் ஒன்றுக்கு மூன்று நான்கு விலைகள். மலிவானதை வாங்கினால் பெட்டி நிறையும்; உயர்ந்ததை வாங்கினால் பெட்டியில் பாதி காலியாக இருக்கும். இவ்விரண்டில் எது விவேகம் என்பதை ஆராய்வோம்.

நெசவாளருக்கு இவ்விஷயத்தை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அச்சின் பல் சொரசொரப்பாக இருந்தால் பாவு இழை அறுகிறது. அச்சை வாங்குகையில் மிச்சம் பிடித்த காசு, இழை முடியும் நேரத்தில் கரைந்து போகிறது. பயிரிடுவோரும் இளகிய இரும்பில் அடித்த அரிவாளின் குணத்தை அறிவர். கருவியின் விலை கடையில் கொடுத்ததோடு முடிவதில்லை. அது வேலையில் செய்யும் கெடுதலும் விலையோடு சேர்ந்ததே.

ஸ்பானரையே எடுத்துக்கொள்வோம். திறந்த வாயுள்ள ஸ்பானர் நட்டின் ஆறு பக்கங்களில் இரண்டை மட்டுமே பற்றுகிறது. அதன் எஃகு இளகியதாயின், பலமாகத் திருப்பும்போது வாய் விரிகிறது. விரிந்த வாய் நட்டின் முனைகளை மழுக்குகிறது. மழுங்கிய நட்டைப் பிறகு எந்த ஸ்பானரும் பற்றாது; உளியால் வெட்டியோ, நெருப்பால் சூடேற்றியோதான் எடுக்க வேண்டும். கால் மணியில் முடியவேண்டிய வேலை அரை நாளை விழுங்கிவிடும். வண்டிக்காரரிடம் அதற்குக் கூலி கேட்கவும் முடியாது.

கணக்கிற்காக மலிவான ஸ்பானர் 60 ரூபாய், நல்லது 180 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மலிவானது ஆண்டுக்கு ஒன்றாகத் தேய்ந்து, நல்லது ஆறாண்டு உழைக்குமானால், முன்னதற்கு 360 ரூபாயும் பின்னதற்கு 180 ரூபாயும் செலவாகும். இதில் மழுங்கிய நட்டுகளுக்காக இழந்த கூலி சேரவில்லை. அதையும் சேர்த்தால் மலிவின் உண்மை விலை விளங்கும்.

ஆயினும், எல்லாவற்றையும் உயர்ந்த விலையிலேயே வாங்கவேண்டும் என்பதும் சரியன்று. கடன் வாங்கிக் கருவி வாங்கி, வட்டி கட்டுவதற்காகவே உழைப்பதில் லாபம் ஏது? ஆகவே ஒவ்வொரு கருவியையும் கையிலெடுத்து ஒரு கேள்வி கேட்பது நலம்: இக்கருவி வேலையின் நடுவே தோற்றுப்போனால் கெடுவது எது?

கருவி மட்டுமே கெடுமாயின், மலிவானதை அஞ்சாமல் வாங்கலாம். துடைப்புத் தூரிகை, எண்ணெய்க் குப்பி, புனல், அளவு நாடா, உதிரிகளை இட்டு வைக்கும் தட்டு, கருவிப் பெட்டி ஆகியவை இவ்வகை. ஆண்டில் ஓரிரு முறையே தேவைப்படும், பலமாக இழுக்கவேண்டாத கருவிகளையும் இதில் சேர்க்கலாம்.

பிறர் பொருள் கெடுமாயின், நடுத்தர விலையிலேனும் நல்ல சரக்கு வேண்டும். ஸ்பானர், சாக்கெட்டு, திருப்புளி, அல்லன் சாவி ஆகியவை இவ்வகையின. முதலில் முழுச் செட்டும் வேண்டுவதில்லை. அன்றாடம் கைபடும் 8 முதல் 19 மில்லிமீட்டர் வரையிலான அளவுகளை நல்லதாக வாங்கி, மற்றவற்றை வருமானம் வர வர ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

உடல் கெடுமாயின், மலிவு என்ற சொல்லையே மறந்துவிட வேண்டும். வண்டியைத் தூக்கும் ஜாக்கியும், தூக்கிய வண்டியைத் தாங்கும் தாங்கியும் இதில் முதன்மையானவை. ஜாக்கி தூக்குவதற்கே, தாங்குவதற்கன்று. தாங்கியின்றி, செங்கற்களை அடுக்கி அதன்மேல் நிறுத்திய வண்டியின் அடியில் ஒருவரும் புகலாகாது. பம்பு செட்டுகளின் மின்சார வேலைக்கான குறடும் அப்படியே. கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை மாட்டியிருப்பதால் மட்டும் அது மின்சாரத்தைத் தடுக்கும் குறடாகிவிடாது. 1000 வோல்ட்டு வரை சோதிக்கப்பட்டது என்ற குறி அதில் இருக்கவேண்டும். குறி இருந்தாலும் மின்சாரத்தைத் துண்டித்த பிறகே கைவைப்பது முறை.

இனி, நல்லதை அறிவது எவ்வாறு? விலை ஒன்றே அடையாளமாகாது. பெரிய பெயருக்காகக் கூடுதல் விலை கொடுப்பதும் உண்டு. பெரிய பெயரைப் போலியாகப் பொறித்த சரக்கும் உண்டு. நம் நாட்டிலேயே ஜலந்தர், லூதியானா நகரங்களில் கைக்கருவித் தொழில் ஓங்கி, அங்கிருந்து அயல்நாடுகளுக்கும் சரக்கு செல்கிறது. ஜலந்தரில் 1983-ஆம் ஆண்டு மத்திய கைக்கருவி நிலையம் நிறுவப்பட்டது. எனவே உள்நாட்டுச் சரக்கு என்பதற்காக ஒதுக்கவேண்டியதில்லை. திறந்தவாய் ஸ்பானருக்கு ஐ.எஸ். 2028, ரிங் ஸ்பானருக்கு ஐ.எஸ். 2029 என்று இந்தியத் தர அளவைகள் உள்ளன. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்குமாயின் அதன்மேல் தர எண்ணும், கீழே உரிம எண்ணும் உள்ளனவா என்று பார்த்து, இரசீதுடன் வாங்கவேண்டும்.

கடைக்குப் போகும்போது புதிய போல்ட்டு ஒன்றைக் கையோடு கொண்டு செல்க. ஸ்பானரை அதன் தலையில் மாட்டி அசைத்துப் பாருங்கள். தளர்ச்சி மிகுந்தால் விலக்குங்கள். குறட்டின் வாயை மூடி வெளிச்சத்திற்கு எதிரே பிடியுங்கள். வெட்டும் விளிம்புகளுக்கிடையே ஒளி புகலாகாது. சுத்தியலின் தலை பிடியில் சற்றும் ஆடலாகாது. வாங்கிய ஸ்பானரின் ஓரத்தில் அரத்தால் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அரம் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அக்கடையில் அடுத்ததை வாங்காதீர்கள்.

அளவைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் மரைகளுக்கு ஒரே அளவு வேண்டும் என்று எடுத்துரைத்தார். அவர் வழிவந்த அங்குல அளவுகள் பழைய எண்ணெய் இஞ்சின்களில் இன்றும் காணப்படும். நம் நாடு 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் அளவுக்கு மாறியது. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அந்த அகலமுள்ள நட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பானரை மாட்டினால், ஸ்பானர் எத்தனை உயர்ந்ததாயினும் நட்டு மழுங்கக்கூடும். குற்றம் அங்கே கருவியினுடையதன்று.

கேளம்பாக்கம் போன்ற கடலோர ஊர்களுக்கென்று ஒரு தனி இடரும் உண்டு. உப்புக் காற்றின் ஈரம் இரும்பை விரைவில் துருவேற்றும். மலிவுக் கருவிகளில் குரோமியப் பூச்சு பெரும்பாலும் மெல்லியது. அது கீறல் விட்ட இடத்தில் துரு புகுந்து, பூச்சைச் செதிலாக உரிக்கும். உரிந்த செதில் கையையும் கிழிக்கும். மாலையில் வேலை முடிந்ததும் கருவிகளை உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒருமுறை தடவிப் பெட்டியில் வைத்தல் வேண்டும். உப்பு நீர் பட்ட கருவியை முதலில் நல்ல நீரில் கழுவி உலர்த்தவேண்டும். இப்பழக்கம் இல்லாதவருக்கு உயர்ந்த கருவியும் மலிவுக் கருவியே.

இறுதியாக, இது தனி மனிதனின் கவலை மட்டுந்தானா? 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடிக் கடை வைத்தது, கலப்படமற்ற சரக்கைச் சரியான அளவில் பெறுவதற்காகவே. அவர்களில் நெசவாளரும் இருந்தனர். நமது சென்னையில் திருவல்லிக்கேணிக் கூட்டுறவுச் சங்கம் 1904-இல் தோன்றியதும் நுகர்வோரின் நலனுக்காகவே. தனியே கடையேறும் இளைஞனுக்குப் பேரம் பேசும் வலு இல்லை. இருபது பேருக்குச் சேர்த்து வாங்கும் சங்கத்திற்கு உண்டு. நல்ல ஸ்பானர்களை மொத்தமாக வாங்கி, தவணையில் கொடுக்கலாம். இஞ்சின் தலைப்பகுதி போல்ட்டுகளை அளவாக முறுக்கும் டார்க் ரெஞ்சு, பேரிங்கைக் கழற்றும் புல்லர், சங்கிலிக் கப்பி போன்ற விலையுயர்ந்த கருவிகளைச் சங்கமே வைத்திருந்து, பதிவேட்டில் எழுதி வாடகைக்கு விடலாம். டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வாடகைக்குக் கிடைக்கும்போது கைக்கருவி மட்டும் கிடைக்கலாகாதா?

மலிவு என்பது இழிவன்று. ஆராயாமல் வாங்குவதே நட்டம். அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை எடுத்துப் பேசி, கருவி வாங்கவிருக்கும் இளைஞர்களின் தேவைகளைப் பட்டியலாக எழுதித் தொடங்குவார்களாக. சேர்ந்து வாங்கும் ஒரு நல்ல ஸ்பானர் செட்டு, ஒரு புதிய பட்டறையின் நற்பெயரையே காக்கும்.