முட்டி வலிக்குதா? மூட்டை முடக்கிப் போடாதீங்க!

மாடிப்படி இறங்கும்போது முட்டி வலிக்குதா? "தேய்ஞ்சு போச்சு, இனிமே நடக்காதே"ன்னு வீட்டில் சொல்லியிருப்பாங்க. அது சரிதானா? மூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பதில் கிடைத்துவிடும்.

எலும்பு: பெரியவர்களின் உடலில் பொதுவாக 206 எலும்புகள் உண்டு. எலும்பு காய்ந்த கட்டை அல்ல. ரத்தம் ஓடும் உயிருள்ள திசு. அதனால்தான் முறிந்தாலும் பெரும்பாலும் சில வாரங்களில் கூடிவிடுகிறது.

குருத்தெலும்பு: காது மடலை வளைத்துப் பாருங்க. அது ஒரு வகைக் குருத்தெலும்பு. மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருப்பது இன்னொரு வகை; சில மில்லிமீட்டர் தடிமன்தான், ஆனால் கண்ணாடி போல வழுவழுப்பு. இதில் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதனால் தேய ஆரம்பிக்கும்போது வலி தெரியாது. தேய்ந்த பிறகு எலும்பு போலத் தானாக வளர்ந்து கூடவும் செய்யாது.

மூட்டு: ரத்தம் போகாத இடத்துக்குச் சாப்பாடு எப்படிப் போகும்? மூட்டைச் சுற்றியுள்ள உறைக்குள் ஒரு திரவம் சுரக்கிறது. நீங்க நடக்கும்போது குருத்தெலும்பு பஞ்சு மாதிரி அமுங்கி, பிறகு விரிந்து, அந்தத் திரவத்திலிருந்து சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அசையாமல் கிடந்தால் அதற்குச் சாப்பாடு குறையும். முட்டியைத் தாங்கும் தொடைத் தசையும் மெலியும்.

நீங்க செய்ய வேண்டியவை:

• வலி கூடாத அளவுக்குச் சமதரையில் தினமும் நடங்க.

• நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, 5 விநாடி நிறுத்தி இறக்குங்க. இரண்டு காலுக்கும் பத்துப் பத்து முறை.

• உடல் எடை அதிகமென்றால் குறையுங்க. 1 கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முட்டிக்குச் சுமார் 4 கிலோ பாரம் குறையும்.

• வலி மாத்திரையை நீங்களாகவே வாங்கித் தொடர்ந்து போடாதீங்க. வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சலும் இருந்தாலோ, விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாவிட்டாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்க.

சந்தேகமா? உங்க செல்போனிலிருந்து 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம். வெளியே போக முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளிக்கப்படும் இயன்முறை சிகிச்சை பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க.

தேய்ந்ததைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். இருப்பதைக் காப்பது பெரும்பாலும் நம்ம கையில்தான். இல்லை, நம்ம காலில்தான்!