108: மறுமுனையில் இருப்பவரின் வேலை

ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்ததும் ஓட்டுநரையும் மருத்துவ உதவியாளரையும் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அவர்களுக்கு முன்பே ஒருவர் அந்த நோயாளிக்காக உழைத்து முடித்திருப்பார். அவருடைய பெயரும் முகமும் யாருக்கும் தெரியாது. பதறும் குரலிலிருந்து இடத்தையும் ஆபத்தையும் பிரித்தெடுத்து வண்டியைக் கிளப்பியவர் அவர்தான். காதில் ஹெட்செட், எதிரே கணினி, இரவும் பகலும் ஷிப்டு என்று பார்ப்பதற்குக் கால் சென்டர் வேலை போலவே இருக்கும். அப்படி நினைத்து இதில் சேருபவர்களும் உண்டு. ஆனால் ஓர் உயிரைக் காப்பாற்றும் சங்கிலியின் முதல் கண்ணி இங்கேதான் இருக்கிறது.

ஐதராபாத்தில் 2005-இல் தொடங்கிய 108 சேவை, தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பர் 15 அன்று வந்தது. மாநிலம் முழுவதிலிருந்தும் வரும் அழைப்புகள் சென்னையில் உள்ள கட்டுப்பாட்டு அறைக்குப் போகின்றன. களியக்காவிளையில் விபத்து என்றாலும் ஏற்காட்டில் பிரசவ வலி என்றாலும், போனை எடுப்பவர் அந்த ஊரை ஒருமுறைகூடப் பார்த்திராதவராக இருக்கலாம். அதனால் அவர் முதலில் பழக வேண்டியது இடத்தைப் பிடிக்கும் கலை.

இது கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். கூடலூர் நீலகிரியிலும் இருக்கிறது, தேனியிலும் இருக்கிறது. திருப்பத்தூர் என்ற பெயரில் ஒரு மாவட்டமே உண்டு. சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் உண்டு. காந்தி நகரும் பிள்ளையார் கோயில் தெருவும் இல்லாத ஊர் குறைவு. சென்னையில் பழைய எண், புதிய எண் குழப்பம் வேறு. நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைப் பார்த்து அழைக்கும் பயணிக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாது. அவரிடம் கடைசியாகத் தாண்டிய சுங்கச்சாவடி எது, வண்டி சென்னைப் பக்கம் போகிறதா திருச்சிப் பக்கம் போகிறதா, கண்ணெதிரே என்ன பெயர்ப்பலகை தெரிகிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் இடத்தை நெருங்க முடியும். நடுவில் தடுப்புச்சுவர் உள்ள சாலையில் திசை மாறினால், வண்டி அடுத்த திருப்பம் வரை போய்ச் சுற்றி வர வேண்டும்.

“கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கீங்களே, முதல்ல வண்டிய அனுப்புங்க!” என்று அழைப்பவர் கத்துவார். அது நியாயமான கோபம்தான். அதை வாங்கிக்கொண்டு, குரலை உயர்த்தாமல் அடுத்த கேள்வியைக் கேட்கத் தெரிய வேண்டும். இதற்கென்றே ஒரு வழிமுறை இருக்கிறது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஜெஃப் கிளாசன் என்ற மருத்துவர் 1970-களின் இறுதியில் அவசர அழைப்புகளுக்கான கேள்வி அட்டைகளை உருவாக்கினார். எந்தப் புகாருக்கு எந்தக் கேள்வி, எந்தப் பதிலுக்கு எந்த அறிவுரை என்று வரிசைப்படுத்தியவை அவை. பதற்றத்தில் இருப்பவரிடம் ஒரே வாக்கியத்தை, ஒரே சொற்களில், ஒரே தொனியில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பதும் அவர் வகுத்த பயிற்சியில் அடக்கம். “அம்மா, குழந்தையக் காப்பாத்தணும்னா நான் சொல்றதக் கேளுங்க.” இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அதே வாக்கியம். சொற்களை மாற்றினால் பதற்றம் கூடும். மாற்றாமல் சொல்லச் சொல்ல அழைப்பவர் அடங்கிக் காது கொடுப்பார்.

மாரடைப்பில் இதயம் நின்றுபோனவருக்கு வண்டி வரும்வரை காத்திருக்க நேரமில்லை. நினைவு இருக்கிறதா, மூச்சு சீராக வருகிறதா என்ற இரண்டு கேள்விகளில் நிலைமையைக் கணித்துவிட வேண்டும். இதயம் நின்ற பிறகும் சிலருக்கு விட்டுவிட்டுத் திணறல் மூச்சு வரும். வீட்டில் இருப்பவர்கள் அதைப் பார்த்து “மூச்சு இருக்கு” என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பதிலை அப்படியே நம்பாமல், “எப்படி விடுறாரு, எனக்குச் சொல்லுங்க” என்று தோண்டிக் கேட்பவர்தான் பயிற்சி பெற்றவர். பிறகு நெஞ்சின் நடுவில் கைகளை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தும்படி போனிலேயே எண்ணிச் சொல்லித் தர முடியும். அழைப்பவரின் கைகளே அப்போது சிகிச்சைக் கருவியாகிவிடுகின்றன.

பயிற்சி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கொடிய சான்று அமெரிக்காவின் புளோரிடாவில் இருக்கிறது. 2008 ஜனவரியில் டெனிஸ் ஆம்பர் லீ என்ற இளம் தாய் கடத்தப்பட்டார். பக்கத்துக் காரிலிருந்து அலறல் கேட்ட ஒரு பெண் அங்குள்ள அவசர எண்ணான 911-ஐ அழைத்து, எந்தச் சாலை, எந்தத் திசை என்று சொல்லிக்கொண்டே போனார். அந்தத் தகவல் சாலையில் இருந்த காவலர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. டெனிஸ் கொல்லப்பட்டார். குடும்பத்தினரின் போராட்டத்துக்குப் பிறகு, அழைப்பை ஏற்பவர்களுக்கு 232 மணி நேரப் பயிற்சியையும் சான்றிதழையும் அந்த மாநிலம் கட்டாயமாக்கியது.

இந்த வேலைக்கு வர நினைக்கும் இளைஞர்கள் கேட்கப்படும் கல்வித் தகுதியோடு நின்றுவிடக் கூடாது. நெல்லைத் தமிழும் கொங்குத் தமிழும் காதில் சட்டென விளங்க வேண்டும். கட்டடப் பணியிடத்திலிருந்து அழைக்கும் வடமாநிலத் தொழிலாளியிடம் நாலு வார்த்தை இந்தியில் கேட்கத் தெரிந்தால் ஓர் உயிர் பிழைக்கும். பேச்சைக் கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்ய வேண்டும். குழந்தைகளின் விளையாட்டு அழைப்புகளும் குடிபோதை வசவுகளும் வரும். அந்த எரிச்சலின் சுவடு அடுத்த அழைப்பில் தெரியக் கூடாது. மனப்பாரம் தனி. நோயாளி பிழைத்தாரா என்பது பெரும்பாலும் தெரியாமலே அடுத்த மணி அடித்துவிடும். சம்பவ இடத்துக்குப் போகாமலே இவர்களுக்கு ஆழ்ந்த மன உளைச்சல் உண்டாகிறது என்பதை அமெரிக்காவின் இல்லினாயில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வும் காட்டியிருக்கிறது.

ஓட்டுநருக்கு உரிமம் உண்டு, செவிலியருக்குப் பதிவு உண்டு. அழைப்பை ஏற்பவருக்கும் முறையான சான்றிதழ், அதற்குரிய ஊதியம், மனநல ஆலோசனை மூன்றும் கிடைக்க வேண்டும். அமெரிக்காவின் தொழில் வகைப்பாட்டிலேயே இது இன்னும் அலுவலக உதவிப் பணியாகத்தான் பட்டியலிடப்பட்டிருக்கிறது. அந்தத் தவறை நாம் பின்பற்ற வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. 108-ஐ அழைத்தால் மாவட்டத்தையும் தாலுகாவையும் முதலில் சொல்லுங்கள். ரேஷன் கடை, மேல்நிலைத் தொட்டி, பள்ளிக்கூடம் என்று ஓர் அடையாளம் சொல்லுங்கள். மறுமுனையில் இருப்பவர் வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். வைத்த பிறகும் அந்த எண்ணிலிருந்து வேறு யாரையும் அழைக்காதீர்கள். வழி கேட்டு ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அதே எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்.