எதிரே வருபவருக்கான விளக்கு

இரவில் கடலில் எதிர்ப்படும் ஒரு கலம் எந்தப் பக்கம் போகிறது என்பதை அதன் விளக்குகளே சொல்லிவிடும். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் அது நம்மை நோக்கி வருகிறது. பச்சை மட்டும் தெரிந்தால் அதன் வலப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு என்று கடலை நம்பி வாழும் ஊர்களுக்கு இது புதிய சங்கதி இல்லை. 1972இல் வகுக்கப்பட்டு 1977இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச கடல் மோதல் தடுப்பு விதிகளில் 20ஆவது விதி இன்னொன்றும் சொல்கிறது. சூரியன் மறைந்ததில் இருந்து உதிக்கும் வரை, குறித்த விளக்குகளோடு மயங்கக்கூடிய, அவற்றின் தெளிவைக் கெடுக்கக்கூடிய, சுற்றிவரக் கண்காணிப்பதற்கு இடையூறான வேறு எந்த வெளிச்சத்தையும் காட்டக்கூடாது. அந்த விதியை எழுதியவர்கள், விளக்கைப் பூட்டியவரைவிட அதைப் பார்ப்பவரையே முதலில் நினைத்திருக்கிறார்கள்.

அதே தீவுப்பகுதியில் தரைவழியும் உண்டு. யாழ்ப்பாணத்தில் இருந்து பண்ணைப் பாலத்தைத் தாண்டினால் மண்டைதீவுச் சந்தி, வேலணை, ஊர்காவற்றுறை. வேலணையில் இருந்து வாணர் தாம்போதி வழியாகப் புங்குடுதீவு, அதற்கப்பால் குறிகட்டுவான் இறங்குதுறை. தாம்போதியில் இரண்டு பக்கமும் தண்ணீர். வேலியும் மதிலும் வீட்டு வெளிச்சமும் இல்லாததால், கண் ஒரு கணம் கூசினால் தெரு எங்கே முடிகிறது என்று காட்ட வேறு அடையாளம் கிடையாது. கார் விளக்கின் வடிவமைப்பைச் சோதிக்க இதைவிடக் கடினமான இடம் தேவையில்லை. வாகன விளக்குக்கு இரண்டு வேலை: ஓட்டுபவருக்குத் தெருவைக் காட்டுவது, மற்றவர்களுக்குச் செய்தி சொல்வது. கடந்த இருபது வருடங்களில் முதலாவது வேலையில் விளக்குகள் பெரிதும் முன்னேறின. இரண்டாவதில் பல இடங்களில் பின்னுக்குப் போய்விட்டன.

முதலில் கண்கூச்சத்தை எடுத்துக்கொள்வோம். பழைய ஹலோஜன் பல்ப் மஞ்சள் சாய்ந்த ஒளி தந்தது. எல்இடி விளக்கு நீலம் கூடிய வெள்ளையைச் சிறிய முகப்பில் இருந்து வீசுகிறது. ஒளியின் மொத்த அளவு ஒன்றாகவே இருந்தாலும், அது வெளிவரும் பரப்பு சிறுத்தால் பார்ப்பவர் கண்ணைக் கூடுதலாகக் குத்தும். வயது ஏற ஏறக் கண்வில்லை மங்கி, விழுந்த ஒளி உள்ளே சிதறும். கூச்சம் தெளியவும் நேரம் பிடிக்கும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் மோட்டார் சைக்கிள் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடிவிடும். கண் தெளிய மூன்று விநாடி எடுத்தால், நாற்பது மீற்றர் தூரம் தாம்போதியில் குருட்டோட்டம்தான்.

“டிம் செய்தால் தீர்ந்தது, பிழை ஓட்டுநரில்தான்” என்று சொல்வார்கள். பாதி உண்மை. மீதி, கணக்கில் இருக்கிறது. டிம் விளக்கின் ஒளிக்கோடு பொதுவாக 10 மீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் தாழும்படி வைக்கப்படும். தரையில் இருந்து 65 சென்ரிமீற்றர் உயரத்தில் உள்ள விளக்கின் கோடு 65 மீற்றர் தூரத்தில் தெருவைத் தொடும். நயினாதீவு அம்மன் கோயில் திருவிழாவுக்குக் குறிகட்டுவான் நோக்கி ஒரு வாகனம் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போகிறது என்று வையுங்கள். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடைவெளி இரண்டரை மீற்றர் என்றால், பின்பக்கம் இரண்டரை சென்ரிமீற்றர் பதிந்தாலே போதும், அந்தத் தாழ்வு முழுதும் இல்லாமல் போய்விடும். ஒளிக்கோடு தெருவைத் தொடாமல் நேரே எதிர்ப்படுபவரின் கண்ணுக்குப் போகும். ஓட்டுநர் முறையாக டிம்மில்தான் வருகிறார். ஆனாலும் கண் கூசுகிறது. பல கார்களில் இதைச் சரிசெய்ய 0 இல் தொடங்கி எண்கள் போட்ட ஒரு சிறு திருகு ஸ்ரியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது எதற்கு என்று காரே சொல்லித்தருவதில்லை. சுமைக்கேற்ப விளக்கு தானாகத் தாழும் வசதியை ஐக்கிய நாடுகள் சபையின் வாகன விதி நீண்டகாலமாக 2,000 லூமனுக்கு மேற்பட்ட ஒளிமூலங்களுக்கே கட்டாயமாக்கியிருந்தது. அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி எல்இடி விளக்குகளை வடிவமைத்துச் செலவை மிச்சம்பிடிக்க அது வழிவிட்டது.

இந்த வில்லங்கத்தோடு இலங்கைக்கே உரிய இன்னொன்றும் சேர்கிறது. இங்கே ஓடும் கார்களில் பல ஜப்பானில் பாவித்தவை. ஜப்பானிலும் இடப்பக்கம் ஓடுவதால் அவற்றின் ஒளிக்கோடு நம் தெருவுக்குப் பொருந்தும், அது நல்வாய்ப்பு. ஆனால் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் படிப்படியாகத் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய வாகனங்களைத்தான் பேணி ஓட்ட வேண்டியிருந்தது. மங்கிய ஹலோஜனுக்குப் பதிலாக மலிவான எல்இடி பல்ப் ஒன்றை அதே கூட்டில் செருகுவது சுலபமான வைத்தியம். ஆனால் அந்தக் கூட்டின் ஒவ்வொரு வளைவும் ஹலோஜனின் மெல்லிய இழை இருக்கும் இடத்துக்கு அளந்து செய்யப்பட்டது. இழைக்குப் பதிலாக வேறு வடிவில் ஒளிமூலம் வந்தால் கோடு கலைந்து, வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறும். ஓட்டுபவருக்கு முன்னால் பளிச்சென்று இருப்பதால் அவர் திருப்திப்படுவார். நட்டம் முழுவதும் எதிரே வருபவருக்கு.

சமிக்ஞை விளக்கில் சரிவு இன்னும் வெளிப்படை. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் ஓடிய ஒஸ்ரின் ஏ40 கார்களிலும் ஆரம்பகால மொறிஸ் மைனரிலும் கதவோரத் தூணில் இருந்து ஒரு சிறு கை வெளியே நீளும்; நுனியில் செம்மஞ்சள் ஒளி. அது சிக்கிக்கொள்ளும், சில வேளை மடங்காது. ஆனால் நீட்டிய கையை வேறொன்றாக யாரும் மயங்கமுடியாது. 1961இல் மொறிஸ் மைனரும் மின்னும் விளக்குக்கு மாறியது. நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை மின்னும் செம்மஞ்சள் என்ற விதி நிலைபெற்றது. தனி நிறம், தனி இடம், தனித் தாளம். இப்போதைய கார்களில் அந்தச் செம்மஞ்சள், பகலில் எரியும் வெள்ளைக் கீற்றுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது, அல்லது பின்னால் பம்பரின் அடியில், சேறும் புழுதியும் முதலில் படும் இடத்தில் இருக்கிறது. பின்னால் மோட்டார் சைக்கிளில் நெருங்கி வருபவரின் கண் அவ்வளவு கீழே போகாது. அமெரிக்காவில் பின் சமிக்ஞை சிவப்பாகவும் இருக்கலாம் என்பதால் அங்கே இரண்டு நிறத்தையும் ஒப்பிட முடிந்தது. அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் 2009ஆம் ஆண்டு ஆய்வில், திரும்பும் அல்லது ஒழுங்கை மாற்றும் வாகனம் பின்னால் இடிபடும் விபத்துகள் செம்மஞ்சள் விளக்கில் 5.3 சதவீதம் குறைவாக இருந்தன. நிறம் ஒன்று தனித்துத் தெரிவதற்கே அவ்வளவு பெறுமதி இருக்கிறது என்றால், இடத்தையும் அளவையும் அழகுக்காகச் சுருக்குவது சிறிய விடயமல்ல.

பகல் விளக்குகளிலும் ஒரு பொறி உண்டு. ஐரோப்பாவில் புதிய கார் மாதிரிகளுக்கு 2011இல் இருந்து கட்டாயமான இவை முன்பக்கம் மட்டும் எரிந்தால் போதும். மம்மல் பொழுதில் முன்னால் வெளிச்சம் தெரிகிறது, உள்ளே டாஷ்போர்டும் ஒளிர்கிறது. விளக்குப் போட்டாயிற்று என்று ஓட்டுநர் நினைக்கிறார். பின்பக்கம் இருட்டு. முந்திய கார்களில் விளக்குப் போடாவிட்டால் டாஷ்போர்டும் இருண்டு கிடந்து நினைவூட்டும். ஜப்பான் 2020 ஏப்ரலில் இருந்து புதிய மாதிரிகளில், இருட்டினால் முன்விளக்கு தானாகவே எரியவேண்டும் என்று விதித்தது. பொறி வடிவமைப்பில் இருந்ததால் தீர்வும் வடிவமைப்பில் இருந்தே வந்தது.

விளக்கு ஒரு பொதுமொழி என்பது வெளிநாட்டில் இருந்து ஆட்கள் வரும் கோடை விடுமுறையில் இன்னும் துலங்கும். இங்கே ஹெட்லைற்றை வெட்டி அடித்தால் “நான் வருகிறேன், நில்” என்று பொருள். இலண்டனில் இருந்து வந்தவருக்கோ அது “நீங்கள் போங்கள்” என்ற மரியாதை. சமிக்ஞைக் கம்பி ஐரோப்பிய கார்களில் ஸ்ரியரிங்கின் இடப்பக்கம், ஜப்பானிய கார்களில் வலப்பக்கம்; ஆகவே வாடகைக் காரில் சந்தியில் திரும்பப் போகிறவர் வைப்பரைப் போட்டுவிடுவார். சிரிப்புக்குரியதுதான். ஆனால் பொதுவழக்கு கலையும்போது செய்தி எப்படித் தொலைகிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஒவ்வொரு கார்க் கம்பனியும் விளக்கைத் தன் முகவரிச் சீட்டாக்கி வடிவம் மாற்றுவது, பொதுமொழிக்குள் ஆளுக்கொரு வட்டாரவழக்கைப் புகுத்துவது போன்றது.

எதிர்வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. கட்டாக்காலி மாடுகள் குறுக்கிடும் இருட்டுத் தெருவில் நல்ல வெளிச்சம் உயிர் காக்கும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவகத்தின் 2021ஆம் ஆண்டு ஆய்வில், நல்ல தரம் பெற்ற முன்விளக்குள்ள கார்கள் தனியே மோதும் இரவு விபத்துகள் மோசமான விளக்குள்ளவற்றைவிட 19 சதவீதமும், பாதசாரிகளை இடிக்கும் விபத்துகள் 23 சதவீதமும் குறைவு. அதே நிறுவகம், இரவு விபத்துகளில் ஆயிரத்துக்கு ஒன்று அல்லது இரண்டில்தான் கண்கூச்சம் காரணமாகப் பதிவாகிறது என்றும் கண்டது. அப்படியானால் முறைப்பாடு மிகையா? பொலிஸ் பதிவில் ஏறுவது யாரோ எடுத்துச் சொன்ன காரணம் மட்டுமே. கூசிய கண்ணோடு தெருவோரம் ஒதுங்கி நிற்கும் சைக்கிள்காரரும், இருட்டினபின் பண்ணையைக் கடப்பதையே விட்டுவிட்ட முதியவரும் எந்த விபத்துப் பதிவிலும் வரமாட்டார்கள். மேலும் அந்த நிறுவகத்தின் தரப்படுத்தல் எதிரே கூசச்செய்யும் விளக்குக்குப் புள்ளியைக் குறைக்கிறது. நல்ல விளக்கு என்ற பெயர் பெறத் தெருவைக் காட்டினால் மட்டும் போதாது, கண்ணை விட்டுவைக்கவும் வேண்டும் என்று அவர்களே அளந்து வைத்திருக்கிறார்கள். எதிரே வாகனம் இருக்கும் பகுதியை மட்டும் தானாக மறைக்கும் நவீன ஒளிக்கற்றையை அமெரிக்கா 2022இல் அனுமதித்தது, நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் அது எதிரே உள்ள விளக்கைப் பார்த்தே ஒதுங்குகிறது. விளக்கில்லாத சைக்கிளை அது எப்போதும் கண்டுகொள்ளும் என்று நம்பமுடியாது.

நம் கைக்கு எட்டும் திருத்தங்களும் உண்டு. இலங்கையின் மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டினது. அதன்கீழான விளக்கு விதிகளும் வாகனப் பரிசோதனையும், விளக்கு எரிகிறதா என்பதோடு நில்லாமல் ஒளிக்கோடு எங்கே விழுகிறது என்பதையும் பார்க்கவேண்டும். அதற்கு ஒரு வெள்ளைச் சுவரும் பத்து மீற்றர் சமதரையும் போதும். கராச்சில் அரைமணி வேலை. ஹலோஜன் கூட்டில் பொருந்தாத பல்ப் விற்பதைத் தடுக்கலாம். சுமை ஏற்றும் ஓட்டுநர்கள் அந்த எண் போட்ட திருகைப் பழகலாம். வடிவமைப்பாளர்களிடம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: காரை ஓட்டுநர் இருக்கையில் இருந்து மட்டும் மதிப்பிடாமல், அறுபது மீற்றர் முன்னால் சைக்கிளில் வருபவரின் இடத்திலும் பத்து மீற்றர் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவரின் இடத்திலும் நின்று ஒருமுறை பாருங்கள். குறிகட்டுவான் கடலில் அந்தப் பார்வை விதியாகவே இருக்கிறது. கரைக்கு ஏறி வாணர் தாம்போதிக்கு வந்ததும் அது இல்லாமல் போவதற்கு நியாயம் எதுவும் இல்லை.