அச்சத்தில் பிறந்து நம்பிக்கையில் வளர்ந்த சங்கம்

துப்பாக்கி என்றதும் போரும் குற்றமுமே பலரின் நினைவுக்கு வருகின்றன. ஆனால், 1896ஆம் ஆண்டில் நடைபெற்ற முதல் நவீன ஒலிம்பிக் போட்டிகளிலேயே குறிசுடுதல் ஒரு விளையாட்டாக இடம்பெற்றது. உயிரைப் பறிக்கக்கூடிய ஒரு கருவி எவ்வாறு விளையாட்டுக் கருவியாக மாறியது? பிரிட்டனின் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் வரலாறு இக்கேள்விக்கு விடை தருகிறது.

1859ஆம் ஆண்டில், பிரெஞ்சுப் படைகள் கடல் கடந்து வந்து தங்களைத் தாக்கக்கூடும் என்று பிரிட்டிஷ் மக்கள் அஞ்சினர். எழுத்தர்கள், வணிகர்கள், தொழிலாளர்கள் எனப் பலரும் தொண்டூழியப் படைகளில் சேர்ந்தனர். அவர்களில் பலருக்குத் துப்பாக்கியைக் கையாளத் தெரியாது. அவர்களை ஊக்குவிக்கவும் குறிசுடும் திறனை நாடெங்கும் வளர்க்கவும் அதே ஆண்டில் இச்சங்கம் தொடங்கப்பட்டது.

சங்கத்தின் முதல் போட்டி 1860ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி, லண்டனுக்கு அருகில் உள்ள விம்பிள்டன் திடலில் நடைபெற்றது. விக்டோரியா மகாராணியார் அதனைத் தொடங்கி வைத்தார். தாங்கி ஒன்றில் பொருத்தப்பட்டிருந்த துப்பாக்கியின் விசையை, அதில் கட்டியிருந்த கயிற்றை இழுத்து அவர் இயக்கினார். சுமார் 365 மீட்டர் தொலைவில் இருந்த இலக்கின் நடுப்பகுதியில் தோட்டா பாய்ந்தது. ஆண்டுதோறும் சிறந்த வீரருக்கு 250 பவுண்டு பரிசு வழங்கவும் அவர் ஏற்பாடு செய்தார்.

மக்கள் அஞ்சிய படையெடுப்பு நிகழவே இல்லை. எனினும், போட்டி நின்றுவிடவில்லை; மாறாக, வளர்ந்தது. 1862ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையே கேடயப் போட்டி தொடங்கியது. இந்தியாவின் கோலாப்பூர் மன்னர் பெயரிலான கோப்பைக்கு 1871ஆம் ஆண்டு முதல் பல நாட்டு அணிகள் மோதின.

இதற்கிடையில், லண்டன் நகரமும் விரிவடைந்தது. விம்பிள்டன் திடலைச் சுற்றி வீடுகள் பெருகின. புதிய துப்பாக்கிகளின் தோட்டாக்களோ முன்பைவிட வெகுதூரம் சென்றன. அருகில் வாழும் மக்களின் பாதுகாப்பு கேள்விக்குறியானது. ஆகவே, முப்பது ஆண்டுகள் பழகிய இடத்தைவிட்டு, 1890ஆம் ஆண்டில் சங்கம் சரே வட்டாரத்தில் உள்ள பிஸ்லி என்னும் ஊருக்கு இடம்பெயர்ந்தது. இன்றுவரை அதுவே சங்கத்தின் இல்லமாக உள்ளது. 1908ஆம் ஆண்டு ஒலிம்பிக்கின் குறிசுடும் போட்டிகள் பலவும் அங்குதான் நடந்தன.

சுடுதிடலில் திறமையைவிட ஒழுங்குக்கே முதலிடம். சுடும் நேரத்தில் செங்கொடிகள் பறக்கும். கட்டளை பிறக்கும் வரை எவரும் துப்பாக்கியில் தோட்டாவை இடக்கூடாது. “நிறுத்து” என்ற குரல் கேட்டால், எத்தகைய வீரரும் அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும். இலக்குகளுக்குக் கீழே, மண்மேட்டின் மறைவில் சிலர் நின்று, தோட்டா பட்ட இடத்தைக் குறித்துக் காட்டுவர். விதி மீறப்படாது என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் அங்கு நிற்கின்றனர்.

இங்கு உடல் வலிமை மட்டும் வெற்றி தராது. 900 மீட்டருக்கு அப்பால் உள்ள இலக்கை நோக்கிச் சுடும்போது, மிதமான காற்றுகூடத் தோட்டாவை இரண்டு மீட்டர் வரை விலக்கிவிடும். கொடிகளின் அசைவைக் கவனித்து, மூச்சை அடக்கி, பதற்றமின்றி விசையை அழுத்துபவரே வெல்வார். 1930ஆம் ஆண்டில் மார்ஜரி ஃபாஸ்டர் என்னும் பெண்மணி இதனை மெய்ப்பித்தார். கோழிப்பண்ணை நடத்தி வந்த அவர், இராணுவ அதிகாரி ஒருவரை ஒரே புள்ளியில் முந்தி, மன்னர் பரிசை வென்ற முதல் பெண் ஆனார். அவருக்குப் பின் மற்றொரு பெண் அப்பரிசை வெல்ல எழுபது ஆண்டுகள் ஆயின.

இவ்விளையாட்டுக்குச் சோதனையும் வந்தது. 1996ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துப் பள்ளி ஒன்றில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பதினாறு குழந்தைகளும் ஓர் ஆசிரியரும் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்து, தனியார் கைத்துப்பாக்கி வைத்திருக்க 1997ஆம் ஆண்டில் பிரிட்டன் தடை விதித்தது. எத்தவறும் செய்யாத விளையாட்டாளர்களும் இதனால் தங்கள் விளையாட்டை இழந்தனர். 2002ஆம் ஆண்டின் காமன்வெல்த் குறிசுடும் போட்டிகளை பிஸ்லியில் நடத்தியபோது, கைத்துப்பாக்கிப் போட்டிகளுக்குச் சிறப்பு அனுமதி தேவைப்பட்டது. விளையாட்டாளரின் உரிமையைவிடக் குழந்தைகளின் பாதுகாப்பே பெரிது என்று அந்நாடு முடிவெடுத்தது. அது சரியான முடிவுதானா என்ற விவாதம் அங்கு எளிதில் அடங்கவில்லை.

சிங்கப்பூரிலும் துப்பாக்கி பற்றிய சட்டங்கள் மிகக் கடுமையானவை. ஆயினும், சில பள்ளிகளில் குறிசுடுதல் ஓர் இணைப்பாட நடவடிக்கையாக உள்ளது. பத்து மீட்டர் காற்றழுத்தத் துப்பாக்கிப் போட்டியில், இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே உடையது. அத்தகைய போட்டியில் 2018ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுகளில் சிங்கப்பூரின் மார்ட்டினா வெலோசோ தங்கம் வென்றார்.

ஓர் ஆயுதத்தை விளையாட்டுக் கருவியாக மாற்றுவது அதனை ஏந்துபவரின் கட்டுப்பாடும், அவர்மீது சமூகம் வைக்கும் நம்பிக்கையும்தான். சுடக் கற்பவர் முதலில் கற்க வேண்டியது, எப்போது சுடக்கூடாது என்பதையே.