சந்தாவோடு வரும் இலவச விளையாட்டுகள்

கணினி விளையாட்டுகளை விற்கும் நிறுவனங்கள் கடந்த பதினைந்து ஆண்டுகளில் பரவலாக்கியிருக்கும் ஏற்பாடுகளுள் ஒன்று, மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் சந்தா செலுத்தும் உறுப்பினர்களுக்குச் சில விளையாட்டுகளைத் தனி விலை வாங்காமல் வழங்குவதாகும். இவ்விளையாட்டுகள் உறுப்பினரின் கணக்கில் தாமாக வந்து சேர்வதில்லை. அறிவிக்கப்பட்ட காலத்துக்குள் உறுப்பினரே அந்தப் பக்கத்துக்குச் சென்று, 'கிளெய்ம்' என்று எழுதப்பட்ட பொத்தானை அழுத்தி, தமக்கு அது வேண்டும் என்று பதிவு செய்தாக வேண்டும். நியாயவிலைக் கடையில் அந்தந்த மாத ஒதுக்கீட்டை அந்தந்த மாதத்திலேயே வாங்காவிட்டால் அது போய்விடுவதைப் போல, இங்கும் தவறவிட்டது தவறவிட்டதுதான். சந்தா தொடர்ந்து செலுத்தப்பட்டிருந்தாலும், கோராமல் விட்ட விளையாட்டைப் பிறகு கேட்டுப் பெறுவதற்கு வழி கிடையாது.

இம்முறையை விளங்கிக்கொள்ள அமேசான் நிறுவனத்தின் பிரைம் உறுப்பினர் திட்டம் பொருத்தமான எடுத்துக்காட்டாகும். 2005 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஆண்டுக்கு 79 டாலர் கட்டணத்தில் தொடங்கப்பட்டபோது, வாங்கிய பொருளை விரைவாக வீட்டுக்கு அனுப்பிவைப்பது மட்டுமே அத்திட்டத்தின் பயனாக இருந்தது. திரைப்படமும் இசையும் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவை. பிறர் விளையாடுவதை நேரலையாகக் காண உதவும் ட்விட்ச் என்னும் தளத்தை அமேசான் 2014இல் ஏறத்தாழ 97 கோடி டாலருக்கு வாங்கிய பிறகுதான் இத்திட்டத்துக்குள் விளையாட்டு நுழைந்தது. 2016 செப்டம்பர் இறுதியில் 'ட்விட்ச் பிரைம்' அறிவிக்கப்பட்டது. 2018 மார்ச் முதல் மாதந்தோறும் சில முழு விளையாட்டுகளை வழங்கும் வழக்கம் தொடங்கிற்று. 2020 ஆகஸ்டில் அதன் பெயர் 'பிரைம் கேமிங்' என்று மாற்றப்பட்டது. 2016 ஜூலையிலேயே பிரைம் திட்டம் அறிமுகமாகியிருந்த இந்தியாவுக்கு இந்த விளையாட்டுச் சலுகை 2022 டிசம்பரில்தான் வந்து சேர்ந்தது. அதற்கு ஓராண்டு முன்னர், 2021 டிசம்பரில், இந்திய உறுப்பினர்களின் ஆண்டுச் சந்தா 999 ரூபாயிலிருந்து 1,499 ரூபாயாக உயர்த்தப்பட்டிருந்தது. 2025 அக்டோபரில், இணையத்தின் வழியே விளையாட்டுகளை ஓடவிடும் தனது லூனா சேவையோடு பிரைம் கேமிங்கை இணைப்பதாக அமேசான் அறிவித்தது. பெயர் இத்தனை முறை மாறியிருப்பினும் கோரிப் பெறும் முறை மாறவில்லை.

வழங்கப்பட்டவை எல்லாம் யாரும் சீண்டாத சிறு விளையாட்டுகள் என்று எண்ணுவது தவறாகும். 2021 கோடையில் 'பேட்டில்ஃபீல்ட் 1', 'பேட்டில்ஃபீல்ட் 5' ஆகியவையும், அதே ஆண்டு நவம்பரில் 'ரைஸ் ஆஃப் தி டூம் ரெய்டர்' என்பதும், 2022 ஜூலையில் மூன்று பெரிய விளையாட்டுகளின் தொகுப்பான 'மாஸ் எஃபெக்ட் லெஜண்டரி எடிஷன்' என்பதும் இவ்வழியில் உறுப்பினர்களுக்குக் கிடைத்தன. அவற்றுக்கு நடுவே மறைபொருள் தேடும் புதிர்களும், இருபது ஆண்டு பழைய விளையாட்டுகளும் நிறையவே இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முழு விளையாட்டுகள் தவிர, ஏற்கெனவே வேறிடத்தில் ஆடிக்கொண்டிருக்கும் விளையாட்டுக்குள் பயன்படும் உடை, ஆயுதம், நாணயம் போன்ற உள்பொருள்களும் இச்சலுகையில் அடங்கும். அவற்றைப் பெறுவதற்கு விளையாட்டுக் கணக்கை அமேசான் கணக்கோடு இணைக்க வேண்டியிருக்கும்.

கோரும் பொத்தான் ஒன்றாகத் தோன்றினாலும் அதன் பின்னால் கிடைப்பது ஒன்றல்ல. இணையத்தில் வாங்கப்படும் பெரும்பாலான விளையாட்டுகள், சட்டத்தின் பார்வையில், பொருளாக விற்கப்படுவதில்லை; அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதியாகிய உரிமமே வழங்கப்படுகிறது. அந்த உரிமம் எவ்வளவு உறுதியானது என்பது, கோரப்பட்ட விளையாட்டு எந்த அங்காடியின் கணக்கில் போய்ச் சேருகிறது என்பதைப் பொறுத்திருக்கிறது. பிரைம் திட்டத்தில் சில விளையாட்டுகள் அமேசானின் சொந்தச் செயலி வழியாகவும், சில எபிக் கேம்ஸ் ஸ்டோர் கணக்கு வழியாகவும், இன்னும் சில ஜிஓஜி, லெகசி கேம்ஸ், மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் போன்ற அங்காடிகளில் உள்ளிடத்தக்க எழுத்தெண் குறியீடாகவும் வழங்கப்பட்டு வந்துள்ளன.

அமேசான் செயலி வழியாக வரும் விளையாட்டு விண்டோஸ் கணினியில் மட்டுமே இயங்கும். அதைப் பதிவிறக்குவதற்கு அமேசான் கணக்கு வேண்டும், அந்தச் செயலியும் நடைமுறையில் நீடித்திருக்க வேண்டும். எபிக் வழியாக வருவது, காசு கொடுத்து வாங்கிய விளையாட்டைப் போலவே எபிக் கணக்கில் தங்கிவிடும். அதன்பின் அமேசானுக்கும் அதற்கும் தொடர்பில்லை. போலந்து நாட்டின் சிடி ப்ராஜெக்ட் நிறுவனத்தால் 2008இல் பழைய விளையாட்டுகளை விற்பதற்காகத் தொடங்கப்பட்ட ஜிஓஜியின் நிலை இவ்விரண்டிலிருந்தும் வேறானது. அங்குப் பெறப்படும் விளையாட்டில் டிஆர்எம் எனப்படும் எண்மப் பூட்டு கிடையாது. அதாவது, விளையாடுபவர் உரிமம் உடையவர்தானா என்று இணையத்தின் வழியே சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. நிறுவும் கோப்பைப் பதிவிறக்கி வெளிவட்டில் சேமித்துக்கொண்டால், அங்காடியே மூடப்பட்டாலும் அந்த விளையாட்டு இயங்கும். ஒரே சந்தாவுக்கு ஒரே வாரத்தில் கிடைக்கும் இரண்டு விளையாட்டுகளுள் ஒன்று கையில் உள்ள பொருளுக்கு ஏறத்தாழ ஒப்பாகவும், மற்றொன்று ஒரு நிறுவனத்தின் தொடர்ந்த விருப்பத்தை நம்பியதாகவும் இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. சிறிய விளையாட்டே ஆனாலும் ஜிஓஜி குறியீடாக வருவதை முதலில் கோரிக்கொள்வது விவேகம்.

பிரைம் சந்தாவை நிறுத்திய பின்னும் அதுவரை கோரிய விளையாட்டுகள் உறுப்பினரிடமே இருக்கும் என்பது அமேசானின் விதி. எல்லா நிறுவனங்களும் இவ்விதியைப் பின்பற்றுவதில்லை. சோனி நிறுவனம் 2010இல் தொடங்கிய பிளேஸ்டேஷன் பிளஸ் திட்டத்தில் மாதந்தோறும் கோரப்படும் விளையாட்டுகள், சந்தா நடப்பில் இருக்கும்வரை மட்டுமே திறக்கும்; சந்தா முடிந்ததும் பூட்டிக்கொள்ளும்; மீண்டும் சந்தா கட்டினால் பழையபடி திறக்கும். பத்து ஆண்டுகளாகச் சேர்த்த நூற்றுக்கணக்கான விளையாட்டுகளை இழக்க மனமின்றி ஒருவர் சந்தாவைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பார் என்ற கணக்கு அதில் அடங்கியுள்ளது. மைக்ரோசாஃப்ட் 2013இல் தொடங்கி 2023 செப்டம்பரில் முடித்துக்கொண்ட 'கேம்ஸ் வித் கோல்ட்' இரண்டுங்கெட்டானாக இருந்தது: பழைய எக்ஸ்பாக்ஸ் 360க்குரியவை உறுப்பினருக்கே நிலைத்தன, எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்குரியவை சந்தாவோடு கட்டுண்டிருந்தன. 2017 ஜூனில் அந்நிறுவனம் தொடங்கிய கேம் பாஸ் திட்டத்திலோ கோருதல் என்பதே இல்லை. வாடகை நூலகத்தைப் போல் எடுத்து ஆடலாம், பட்டியலிலிருந்து விளையாட்டு நீக்கப்பட்டால் அதோடு முடிந்தது.

சந்தாவோடு கட்டுண்ட உரிமத்தின் எல்லையை மிகத் தெளிவாகக் காட்டியது கூகுளின் ஸ்டேடியா சேவை. 2019 நவம்பரில் தொடங்கிய இச்சேவையில் விளையாட்டு கூகுளின் கணினிகளில் ஓடும். அதன் காட்சி மட்டும் இணையத்தின் வழியே வீட்டுத் திரைக்கு வரும். ஸ்டேடியா புரோ என்ற சந்தா கட்டியவர்கள் மாதந்தோறும் சில விளையாட்டுகளைக் கோரிப் பெற்றுவந்தனர். 2023 ஜனவரி 18 அன்று சேவை மூடப்பட்டபோது, விலை கொடுத்து வாங்கிய விளையாட்டுகளுக்கும் கருவிகளுக்கும் கூகுள் பணத்தைத் திருப்பித் தந்தது. சந்தாத் தொகையைத் தரவில்லை. ஆகவே கோரிச் சேர்த்தவை ஈடு ஏதுமின்றி மறைந்தன. வாங்கியதற்கும் கோரியதற்கும் உள்ள வேறுபாடு அன்றுதான் பலருக்குப் புரிந்தது.

தனி விலை வாங்காமல் தரப்படும் விளையாட்டுக்கு உண்மையில் யார் பணம் கொடுக்கிறார்கள் என்ற வினாவுக்கு, எபிக் நிறுவனம் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கு ஓரளவு விடை தருகிறது. எபிக்கின் அங்காடி 2018 டிசம்பரில் தொடங்கியது முதல் சந்தா ஏதுமின்றியே இலவச விளையாட்டுகளை வழங்கிவருகிறது. 2021இல் அவ்வழக்கின் ஆவணங்கள் வெளிவந்தபோது, முதல் ஒன்பது மாதங்களில் 38 விளையாட்டுகளுக்காக அந்நிறுவனம் சுமார் 1 கோடியே 16 லட்சம் டாலர் செலவிட்டதும், அதன்மூலம் ஏறத்தாழ 50 லட்சம் புதிய கணக்குகள் சேர்ந்ததும் தெரியவந்தன. முதலில் வழங்கப்பட்ட 'சப்நாட்டிகா' என்ற கடலடி விளையாட்டுக்கு மட்டும் 14 லட்சம் டாலர் தரப்பட்டிருந்தது. எத்தனை பேர் கோரினாலும் கூடாமல் குறையாமல் இருக்கும் மொத்தத் தொகை இது. ஒரு புதிய வாடிக்கையாளரைப் பிடிக்க ஆன செலவாகக் கணக்கிட்டால், தலைக்கு இரண்டரை டாலருக்கும் குறைவு. விளம்பரத்துக்குச் செலவிடுவதைவிட இது மலிவு என்று எபிக் கருதியதில் வியப்பில்லை.

விளையாட்டை உருவாக்குபவர்களுக்கும் இதில் ஆதாயம் உண்டு. விற்பனை ஓய்ந்துபோன பழைய விளையாட்டுக்கு ஒரு தொகை கிடைக்கிறது. தொடர் விளையாட்டாயின் அடுத்த பாகத்துக்கு ஆள் சேர்கிறது. பலர் ஒன்றுகூடி ஆட வேண்டிய விளையாட்டுக்கோ ஆட்கூட்டமே உயிர்நாடி. 2015 ஜூலையில் 'ராக்கெட் லீக்' என்னும் கார்ப் பந்தாட்டமும், 2020 ஆகஸ்டில் 'ஃபால் கைஸ்' என்னும் தடையோட்டமும் வெளியான நாளிலேயே பிளேஸ்டேஷன் பிளஸ் உறுப்பினர்களுக்கு வழங்கப்பட்டன. இரண்டும் அந்தக் கூட்டத்தின் பலத்தில்தான் பெயர் பெற்றன. அமேசானைப் பொறுத்தவரை நோக்கம் இன்னும் அகலமானது. விளையாட்டுக்காக வந்தவர் மளிகையும் துணியும் அங்கேயே வாங்குவார், சந்தாவைக் கைவிடத் தயங்குவார் என்பதே அதன் எதிர்பார்ப்பு.

சந்தாவைக் கைவிடுவது எவ்வளவு எளிது என்பதும் இவ்விடத்தில் பேச வேண்டிய பொருளே. அமெரிக்க வணிகக் கண்காணிப்பு அமைப்பான மத்திய வர்த்தக ஆணையம், பிரைம் திட்டத்தில் மக்களை அவர்களுடைய தெளிவான சம்மதமின்றிச் சேர்த்ததாகவும், விலக முயன்றவர்களை அலைக்கழித்ததாகவும் 2023 ஜூனில் அமேசான் மீது வழக்குத் தொடுத்தது. விலகுவதற்கு நான்கு பக்கங்கள், ஆறு சொடுக்குகள், பதினைந்து தெரிவுகள் கடக்க வேண்டியிருந்தது என்று வழக்குமனு கூறியது; அந்நடைமுறைக்கு நிறுவனத்துக்குள் 'இலியட்' என்று பெயர் வழங்கியதாம். பத்தாண்டு நீண்ட டிராய்ப் போரைப் பாடும் கிரேக்கக் காவியத்தின் பெயரை அதற்குச் சூட்டியவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்தது என்பதை மறுக்க இயலாது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 100 கோடி டாலர் அபராதமும் வாடிக்கையாளர்களுக்கு 150 கோடி டாலர் திருப்பித்தருதலுமாக 2025 செப்டம்பரில் அமேசான் அவ்வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டது.

சந்தாவைக் கையில் வைத்திருப்பவர் கவனிக்கத்தக்கவை சில உண்டு. கோருவதற்கு ஒரு கெடுவும், கோரியதில் கிடைத்த குறியீட்டை உரிய அங்காடியில் உள்ளிடுவதற்கு மற்றொரு கெடுவும் இருக்கலாம்; குறியீட்டை மின்னஞ்சலில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர் இரண்டாவது கெடுவில் ஏமாறுகிறார். உறுப்பினர் திட்டங்கள் பல விலைகளில் இருப்பதால், குறைந்த விலைத் திட்டத்தில் விளையாட்டுச் சலுகை அடங்கியுள்ளதா என்பதைச் சந்தா கட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது நலம். இலவச விளையாட்டு என்று சொல்லிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும் போலிப் பக்கங்களும் உள்ளன. நிறுவனத்தின் செயலிக்குள் நேரே சென்று கோருவதொன்றே அவற்றுக்கு மாற்று. விளையாட்டுக்காக மட்டும் 1,499 ரூபாய் கட்டுவது எல்லோருக்கும் கட்டுப்படியாகும் என்று சொல்வதற்கில்லை. பொருள் வாங்கவும் படம் பார்க்கவும் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருப்பவர் கோராமல் விடுவதுதான் நட்டம்.

உரிமம் பற்றிய குழப்பத்தைப் போக்கச் சட்டம் இயற்றிய இடங்களுள் கலிஃபோர்னியா மாநிலம் குறிப்பிடத்தக்கது. எண்மப் பொருளை விற்கும்போது, வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமமே என்பதைத் தெளிவாக அறிவிக்காமல் 'வாங்குக' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று அங்கு 2024இல் இயற்றப்பட்ட சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. அச்சட்டம் மூன்று விலக்குகளையும் தருகிறது. இணையத் தொடர்பின்றி நிரந்தரமாகப் பயன்படுத்தும்படி பதிவிறக்கத் தரப்படும் பொருளுக்கு அறிவிப்புத் தேவையில்லை. அதை எவரும் திரும்பப் பறிக்க முடியாது என்பதால் இது நியாயமே. சந்தாக் காலத்துக்கு மட்டும் திறந்துவிடப்படும் பொருளுக்கும், பணம் ஏதும் பெறாமல் வழங்கப்படும் பொருளுக்கும்கூட அந்த அறிவிப்புத் தேவையில்லை. பிளேஸ்டேஷன் பிளஸ் விளையாட்டுகள் சந்தாக் காலத்துக்கு மட்டும் திறக்கும் வகையில் எளிதாக அடங்கிவிடும். ஆண்டுச் சந்தா கட்டிய ஒருவர் தனி விலையின்றிக் கோரி, சந்தா முடிந்த பின்னும் வைத்துக்கொள்ளும் விளையாட்டைப் பணம் பெறாமல் வழங்கிய பொருள் என்று கொள்வதா, சந்தாவையே அதன் விலையாகக் கொள்வதா என்பதற்கு அச்சட்டத்தின் வாசகத்தில் விடை இல்லை.