கடல் மீன் தொட்டி: கடைக்குப் போகும் முன் கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரி மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பி வரவில்லை. அந்தத் துயரத்தின் முன் என் இழப்பு ஒன்றுமே இல்லை. ஆனாலும் சொல்கிறேன். கரண்ட் போன மறுநாள் காலை, நாகர்கோவிலில் என் வீட்டுத் தொட்டியிலிருந்த கடல் மீன்கள் எல்லாம் செத்து மிதந்தன. அழகான லைட்டுக்குப் பணம் கொடுத்திருந்தேன். கரண்ட் இல்லாதபோது ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வாங்கத் தோன்றவில்லை.

மறுபடி தொட்டி வைக்க நினைத்தபோது முதலில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். உங்களிடம் எக்ஸெல் இல்லாவிட்டால் இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். முதல் மூன்று செல்களில் தொட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் டைப் செய்யுங்கள். நான்காவது செல்லில் சமக் குறி போட்டு, மூன்றையும் பெருக்கி 1000-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். பெருக்க நட்சத்திரக் குறி, வகுக்க சாய்வுக் கோடு. என் தொட்டி 90, 40, 45. விடை 162 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் என்றால் உப்பு சுமார் 5.7 கிலோ. கண்ணாடி, கல் எல்லாம் சேர்த்தால் எடை 200 கிலோவைத் தாண்டலாம். கம்ப்யூட்டர் டேபிளில் வைக்கலாம் என்று நினைத்திருந்தேன், நல்ல வேளை! எடை மட்டுமல்ல, தெறிக்கும் உப்புநீர் மதர்போர்டை அரித்துவிடும்.

அடுத்து முக்கியமான பகுதி. ஒரு காலத்தில் கருவியின் பெயர், அடுத்ததில் வாட்ஸ், மூன்றாவதில் 'கரண்ட் போனாலும் ஓட வேண்டுமா?' என்ற கேள்வி. லைட் அணைந்தால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. கழிவை நுரையாக்கி வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர் சில மணி நேரம் நிற்கலாம். காற்றும் நீரோட்டமும் நிற்கக் கூடாது. வெதுவெதுப்பான உப்புநீரில் ஆக்சிஜன் நன்னீரை விடக் குறைவாகத்தான் கரையும்.

கம்ப்யூட்டர் யு.பி.எஸ். இருக்கிறதே என்பீர்கள். வீடுகளில் உள்ள சிறிய யு.பி.எஸ்.ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரிதான். பெருக்கினால் 84 வாட்-அவர். அதிலும் ஒரு பங்கை யு.பி.எஸ்.ஸே தின்றுவிடும். இதைவிட யு.எஸ்.பி.யில் ஓடும் 2 வாட் ஏர் பம்பும் 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்கும் மேல். கணக்குப்படி ஒரு நாள் முழுக்க ஓடும். பம்ப் குறைவாக மின்சாரம் எடுத்தால் சில பவர் பேங்க் தானாக அணைந்துவிடும். ஆகவே ஒரு இரவு முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு நம்புங்கள். குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு போட மறக்காதீர்கள்.

நம் ஊரில் ஹீட்டர் வேண்டாம். சூடுதான் பிரச்சினை. சில்லர் விலை அதிகம். நீர்ப்பரப்பின் மேல் சிறிய பேன் ஒன்று வைத்தால் இரண்டு டிகிரி குறையும். ஆவியாவது நீர் மட்டும், உப்பு அல்ல. எனவே ஈடு செய்ய நல்ல தண்ணீரையே ஊற்றுங்கள்.

தொட்டிக் கடையில் ஒருவர் கேட்டார்: "அண்ணாச்சி, இவ்வளவு பக்கத்துல கடல் கெடக்கு, உப்பை எதுக்குக் காசு குடுத்து வாங்குதிய?" நியாயமான கேள்விதான். ஆனால் மழைக்காலத்தில் பழையாறு கலக்கும் மணக்குடிப் பக்கம் கடல்நீரின் உப்பு இறங்கிவிடும். துறைமுகம் அருகே எண்ணெய் மிதக்கும். எந்த நீரானாலும் ரிப்ராக்டோமீட்டரில் 1.025 காட்ட வேண்டும். பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத கருவி இது. சமையல் உப்பு கூடவே கூடாது. மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலும் வேண்டாம். அதில் இல்மனைட்டும், தோரியம் கொண்ட மோனசைட்டும் இருக்கின்றன.

பவளக்கல்லை எடுத்து வரவும் எண்ணாதீர்கள். 2001 முதல் அது வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. மீன் வேண்டுமானால், பண்ணையில் பொரித்த கோமாளி மீனா என்று கேட்டு வாங்குங்கள். அதைப் பொரிக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உருவாக்கியுள்ளது.

என் தொட்டியில் இன்னும் மீன் விடவில்லை. நல்ல பாக்டீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக வேண்டும். தினமும் அளந்து அதே பைலில் எழுதி சேவ் செய்கிறேன். நேற்று, 23-ஆம் நாள், அம்மோனியா 0.5.